தெக்குப் பாத்த மனை

கத்தாம எப்படி சார் பேசறது? நீங்க மெதுவாத்தான் சொன்னீங்க, ஒத்துக்கறேன். பக்கத்து சீட்டுக்காரர் காதுல மட்டும் விழற மாதிரி. "அதோ கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, ப்ளாட்டு போட்டு நம்மள ஏமாத்துனானே கலியபெருமாளு, அவன் பொண்ணு." இதான சொன்னீங்க? எனக்குக் காது நல்லா கேக்கும் சார். ஏமாத்துனான்னு சொன்னதும் கேட்டுச்சு, அவன்னு சொன்னதும் கேட்டுச்சு. ஆளு செத்து மூணு மாசம் ஆவுது. உயிரோட இருந்தப்ப "கலியபெருமாள் அண்ணே"ன்னு கூப்புட்ட அதே வாய்தான?

எழுந்திரிக்காதீங்க. உங்க ஸ்டாப்பு எதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. உக்காருங்க, தில்லைநாயகம் சார்.

அக்கா, இந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா? ஸ்கேலு நீட்டிக்கிட்டு இருக்கும், கண்ணுல படாம பாத்துக்குங்க. நீங்களும் கேளுங்க. சாரு வந்து அஞ்சலாட்சி நகர் நலச்சங்கத்துக்குச் செயலாளரு. ஞாயித்துக்கெழம சங்கத்துல கூட்டம். நோட்டீச எங்க வீட்டுக் கதவுலயே ஒட்டிட்டுப் போயிருக்காங்க. ரெண்டு தீர்மானம். ஒண்ணு, எங்கப்பா வடிகால் இருக்கறது தெரிஞ்சே அத மறைச்சு மனைய வித்தாருன்னு எழுதி வைக்கறது. இன்னொண்ணு, நகரோட பேர மாத்தறது. அஞ்சலாட்சிங்கறது எங்கம்மா பேரு அக்கா. நான் எட்டாவது படிக்கறப்ப போயிட்டாங்க.

எங்கப்பா ஒண்ணும் ரியல் எஸ்டேட் அதிபர் கெடையாது. கல்லு நடறவரு. மத்தவங்க போட்ட நகருக்கெல்லாம் இருபது வருஷமா அவருதான் கல்லு நட்டாரு. இந்தப் பக்கம் 'கல்லுக் கலியபெருமாள்'னு கேட்டுப் பாருங்க, தெரியும். மத்த ஆளுங்க ஒரு சாண் தோண்டி நிறுத்திட்டுப் போயிருவாங்க. அப்பத்தான நாளைக்கு யாருக்கும் தெரியாம ரெண்டடி நவுத்தலாம். எங்கப்பா முழங்கை உள்ள போற அளவுக்குத் தோண்டுவாரு. "ஏம்பா, கெணறா வெட்டச் சொன்னேன்?"னு திட்டி ரெண்டு மொதலாளிங்க வேலைய விட்டே நிறுத்தியிருக்காங்க. வெயில்ல கருத்துப் போயி வீட்டுக்கு வந்து சொல்லுவாரு, "நமக்குன்னு ஒரு நகர் போடணும் வாணி. கல்லு நவுறாத நகர்."

என் பேரு சத்தியவாணி. அப்பா மட்டும் வாணின்னு கூப்புடுவாரு.

அப்பத்தான் முத்தையன் பெரியப்பா கெடைச்சாரு. ரெண்டு ஏக்கர் நெலம், புள்ளைங்க எல்லாம் திருப்பூர்ல. "எனக்கு உழ முடியல கலியபெருமாளு, நீ மனையாப் பிரிச்சு வித்துக்க, விக்க விக்க என் பங்க எனக்குக் குடு"ன்னு பவர் எழுதிக் குடுத்துட்டாரு. அவரும் எங்கப்பாவ நம்பித்தான் குடுத்தாரு. முள்ளு வெட்ட, மண்ணு கொட்ட, அப்ரூவலுக்கு அலைய எல்லாம் எங்கம்மா நகைதான். அதனாலதான் அந்தப் பேரு. "உங்கம்மா போட்ட மொதலு இது, அவ பேருதான் வைக்கணும்"னாரு.

சாருக்கு ஒரு விஷயம் தெரியாது. நகர் வாசல்ல பேரு போட்டு ஆர்ச்சு கட்டுன புதுசுல இந்த பஸ்ஸு அங்க நிக்காது. எங்கப்பா தெனமும் இந்த பஸ்ஸுல ஏறி, "ஒரு அஞ்சலாட்சி நகர்"னு டிக்கெட் கேப்பாரு. அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லைய்யான்னு கண்டக்டர் சண்டை போடுவாரு. முந்துன ஸ்டாப்புல எறங்கி நடந்து போவாரு. மறுநாளும் ஏறி "ஒரு அஞ்சலாட்சி நகர்". நாலு மாசம் சார். இன்னிக்குக் கண்டக்டர் அண்ணன் எங்கம்மா பேரச் சொல்லிக் கூவறாருன்னா அது சும்மா வரல. நீங்க ஞாயித்துக்கெழம கைய ஒசத்தி மாத்திட்டுப் போயிருவீங்க.

என்ன? வடிகாலா? வர்றேன். அதுக்குத்தான் வர்றேன். அவசரப்படாதீங்க.

அந்த நெலத்துல வடக்கேருந்து தெக்க ஒரு வாய்க்கால் போச்சு. நாலடி அகலம். சர்வே படத்துலயே கெடையாது. மேல் வயல் தண்ணி வடியறதுக்காக முத்தையன் பெரியப்பாவோட தாத்தா வெட்டுனதாம். பங்குனியில போயிப் பாத்தீங்கன்னா வாய்க்கால்னே சொல்ல மாட்டீங்க, ஆடு படுத்திருக்கும். "ஐப்பசியிலதான் இதுக்கு வேலை, மறந்துறாத"ன்னு பெரியப்பா சொன்னாரு. எங்கப்பா மறக்கல. கேளுங்க சார், சன்னல் பக்கம் திரும்பாதீங்க. மறக்கல. மொதப் படத்துல கிழக்கு மேக்கா ஒரு ரோடு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மனை, குறுக்க வாய்க்காலுக்கு நாலடி அப்படியே விட்டிருந்தாரு. ரோட்டுக்கு அடியில ஒரு சின்னப் பாலம். அந்தப் படத்த நான் வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வரட்டுமா?

அந்தப் படத்த ஏன் மாத்துனோம்னு சொல்லட்டுமா? நீங்க வந்தீங்கள்ல, தெறப்பு விழாவுக்கு, வேன் வச்சுக்கிட்டு? பந்தல், கலர் கொடி, மோரு, எலுமிச்சம்பழ சாதம். பந்தலுக்குள்ள பெரிய பேனர்ல படத்த மாட்டியிருந்தோம். வர்றவங்க எல்லாரும் வடக்குப் பாத்த வரிசையில வெரல வைக்கறாங்க. தெக்குப் பாத்த வரிசையப் பாத்து ஏதோ செத்த வீட்டப் பாத்த மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. நீங்க போன்ல தெசை காட்டிய வச்சுக்கிட்டு நெலம் பூரா சுத்துனீங்க. கல்லு தடுக்கி விழப் போனீங்க, எங்கப்பாதான் ஓடி வந்து புடிச்சாரு. அவர் கையப் புடிச்சுக்கிட்டே என்ன சொன்னீங்க? "கலியபெருமாள் அண்ணே, பாதி மனை தெக்குப் பாத்து இருக்கு. குடும்பம் வெளங்காது, எவன் வாங்குவான்? உங்க பொண்ணு கல்யாணத்துக்குச் சீரா குடுத்துருங்க." சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் மோர் ஊத்திக்கிட்டு இருந்தேன் சார். எனக்குக் காது நல்லா கேக்கும்னு சொன்னேன்ல.

அப்புறம் கெளம்பறப்ப அப்பாவத் தனியாக் கூப்புட்டுச் சொன்னீங்க. "கிழக்குப் பாத்த மாதிரி போடுங்க. மேக்குக்கூடப் பரவால்ல. எங்க ஆபீஸ்லேருந்து பத்துப் பேர நான் கூட்டிட்டு வர்றேன். எனக்கே ரெண்டு வேணும். ஒண்ணு வீடு கட்ட, ஒண்ணு சும்மா போட்டு வைக்க." சொன்னீங்களா இல்லியா?

தலைய ஆட்டறாரு பாருங்க அக்கா. சொன்னாரு.

அன்னிக்கு ராத்திரிச் சோறு எங்கப்பா சாப்புடல. அட்வான்ஸ் வந்தது அஞ்சு மனைக்குத்தான். தெக்குப் பாத்ததுல ஒண்ணுகூடப் போகல. நான் அப்ப பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம், சிவில். கம்ப்யூட்டர்ல படம் போடறதுல கிளாஸ்ல நான்தான் மொதல். "இதுக்குப் போயி ஏம்ப்பா கவலப்படற? ரோட்ட வடக்கு தெக்காத் திருப்பிட்டா தெக்குப் பாத்த மனையே இருக்காது"ன்னேன். காலையில டிபன் சாப்புடறதுக்குள்ள முடிச்சிட்டேன். பாதி மனை கிழக்கு, பாதி மேக்கு. ஒரு மூலை வீணாகல. அப்படியே ஒரு மனை கூடுதலாவும் கெடைச்சுது. நான் ஒண்ணும் புதுசா எதுவும் பண்ணல, இருந்ததத் திருப்பி வச்சேன், அவ்வளவுதான்.

எங்கப்பா அந்தப் பேப்பர ரொம்ப நேரம் பாத்தாரு. அவருக்குப் படம் படிக்கத் தெரியும், போடத் தெரியாது. வெரலால வடக்கேருந்து தெக்கத் தடவிக்கிட்டே வந்து, "இங்க நாலடி இருந்துச்சே வாணி, எங்க?"ன்னாரு. ரோடு சரியா அதுமேலதான் உக்காந்திருக்கு. "அது ரோட்டுக்கு அடியில போயிரும்ப்பா. பைப்பு போட்டுக்கலாம், பன்னெண்டு இஞ்ச் போதும்"னேன். "பத்துமா?"ன்னாரு. "பத்தும்ப்பா, கணக்குப் போட்டுட்டேன்"னேன். "தண்ணிக்குக் கண்ணு தெரியணும் வாணி, தொறந்து கெடந்தா அது பாட்டுக்குப் போவும்"னு இழுத்தாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "நீ கல்லு நட்டே காலத்த ஓட்டு, நான் எதுக்குப் படிக்கறேன்?"னு கேட்டுட்டேன். அவரு பேப்பரச் சுருட்டி எடுத்துக்கிட்டாரு. லைசன்ஸ் வச்சிருக்கற எஞ்சினியர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாரு. அந்த மனுசன் படத்த விரிச்சுக்கூடப் பாக்கல. எங்கப்பா மட்டும் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் பேனரக் காட்டி, "எம் பொண்ணு போட்ட படம், எம் பொண்ணு போட்ட படம்"னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. டீக்கடையிலகூட.

பத்தே நாள்ல எல்லாம் போயிருச்சு. சாரு ஏழும் எட்டும் எடுத்துக்கிட்டாரு, கிழக்குப் பாத்தது. முப்பத்து மூணு மனைக்கும் எங்கப்பா ஒத்த ஆளா நின்னு கல்லு நட்டாரு. ஒவ்வொரு மனையிலயும் ஈசானி மூலைக் கல்லுக்கு அடியில ஒரு துண்டு மஞ்சக் கெழங்கு போட்டுத்தான் நட்டாரு. உங்க மனையிலயும் இருக்கு சார். தோண்டிப் பாருங்க. முழங்கை ஆழத்துல இருக்கும்.

போன கார்த்திகை மழையப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. இந்த பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும். ஊரே மெதந்துச்சு. ஆனா எங்க நகர்ல மட்டும் எறங்காம நின்னுச்சு. கட்டியிருந்தது ஆறு வீடு. ஆறு வீட்டுக்குள்ளயும் முட்டி வரைக்கும். மேல் வயல் தண்ணி பூரா வருது, பைப்பு குடிக்க மாட்டேங்குது. பைப்போட வாய் எங்க இருக்கு? எட்டாம் நம்பர் முன்னாடி. அது மேல யாரு காலி மனைக்குள்ள காரு ஏத்தி நிறுத்தறதுக்குச் சிமெண்டு மேடு போட்டது? நீங்கதான சார்? பாதி வாய மூடிட்டீங்க. அப்புறம் பன்னெண்டு இஞ்ச் எப்படிப் பத்தும்?

என் கணக்கு தப்பில்ல. மழை ஜாஸ்தி.

அக்கா, அன்னிக்கு எங்கப்பா என்ன பண்ணாரு தெரியுமா? கடப்பாறையத் தூக்கிக்கிட்டுப் போனாரு. ரோட்ட வெட்டி விடறேன், பழையபடி வாய்க்காலா ஓடட்டும், ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சுரும்னாரு. அவரு சொன்னது சரி. ரெண்டு மணி நேரம்தான். சாரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து குறுக்க நின்னாரு. "அடுத்த வாரம் எட்டாம் நம்பரப் பாக்க வெளியூர்க்காரங்க வர்றாங்க. நடு ரோட்டுல வாய்க்காலப் பாத்தா வாங்குவானா? ஒரு மம்பட்டி போடக் கூடாது"ன்னு சொல்லிக் கடப்பாறையப் புடுங்கித் தன் வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு. எங்கப்பா, தான் வித்த மனை, தன்கிட்ட வாங்குனவங்க, அவங்ககிட்ட எப்படிச் சண்ட போடறதுன்னு நின்னுட்டாரு. நான் போயிருந்தா நடந்திருக்கறதே வேற.

நானா? நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன். பரீட்சை. அப்பாதான் வராதன்னு சொன்னாரு.

நாலு நாள் சார். நாலு நாள் அந்தத் தண்ணியில நின்னு கையாலயே பைப்புக்குள்ள இருக்கறத வாரி வாரி எடுத்திருக்காரு. பாம்பு, பிளாஸ்டிக்கு, செத்த எலி. மூணாம் நம்பர் வீட்டுக் கிரைண்டரத் தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்தது அவருதான். கர்ப்பமா இருந்த ஒரு பொண்ண நாற்காலியோட தூக்குனாரு. காலு பூரா வெடிப்பு அவருக்கு, மண்ணுலயே இருந்த காலு. அஞ்சாவது நாள் தண்ணி தானா வடிஞ்சுது. ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல். கண்ணு ரெண்டும் மஞ்சளாயிருச்சு. பெரியாஸ்பத்திரியில எலிக்காய்ச்சல்னாங்க. லேட்டா வந்துட்டீங்கன்னாங்க.

உங்க சங்கத்துலேருந்து நாலு பேரு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீங்க, கூடவே ஒரு பேப்பரும். நான் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்கக் கீழ போயிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள கையெழுத்து வாங்கிட்டீங்க. "வரைபடத்தை நானே தயாரித்தேன். வடிகாலை நானே மறைத்தேன்." நோட்டீசுலயே போட்டிருக்கீங்க. நானே, நானே. எங்கப்பாவுக்குப் பென்சில் புடிக்கத் தெரியாது சார்! அவர் படம் போட்டாருன்னா எவன் நம்புவான்? சாகக் கெடக்கற மனுசன மெரட்டி, தனக்குத் தெரியாத வேலைய செஞ்சேன்னு எழுதி வாங்கியிருக்கீங்க. இத நான் விடவே மாட்டேன். இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஏன் அப்படி எழுதுனீங்க?

என்ன?

சத்தமாச் சொல்லுங்க. டிரைவரு ஹாரன் அடிக்கறாரு, கேக்கல.

நீங்க அப்படி எழுதலியா? நீங்க எப்படி எழுதுனீங்க?

"என் மகள் வரைந்த படத்தின்படி."

சரி. அப்புறம்?

அந்த வரிய அவரே அடிச்சுட்டு நானேன்னு எழுதுனாரா? எங்கப்பாவா? ட்ரிப்ஸ் ஏத்துன கையாலயா? பேனாவ யாரு குடுத்தது? நீங்களா குடுத்தீங்க?

"அது படிக்கற புள்ள, அது பேரு இதுல வரக் கூடாது"ன்னாரா.

வேற என்ன சொன்னாரு? இல்ல, பரவால்ல, சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.

"நாளைக்கு அதுவும் கையெழுத்துப் போடற எடத்துக்கு வரும்."

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அக்கா, நானும் உக்காந்துக்கறேன். இல்ல, தண்ணி வேணாம்.

அவரு ஒரு நாளும் எங்கிட்டச் சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல. கடைசி ரெண்டு நாள் நெனவு வந்து வந்து போச்சு. அப்பக்கூட என்னப் பாத்து, "பரீட்சை எப்படி எழுதுன?"ன்னுதான் கேட்டாரு. நல்லா எழுதுனேம்ப்பான்னேன். அவ்வளவுதான் நாங்க பேசுனது.

சார், ஒண்ணு சொல்றேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல. டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாவது வருஷத்துல சேந்து இப்ப எஞ்சினியரிங் படிக்கறேன். தண்ணி எவ்வளவு வந்தா எவ்வளவு பெரிய வழி வேணும்னு ஒரு பாடம், இந்த செமஸ்டர்லதான் வருது. அன்னிக்கு நான் போட்ட கணக்கு நெட்டுல பாத்த ஒரு அட்டவணை. வீட்டு மொட்டமாடித் தண்ணி எறங்கறதுக்கானது அது. போன வாரம் வாத்தியார் போர்டுல ஒரு வயல வரைஞ்சு கணக்குப் போடச் சொன்னாரு. நான் முத்தையன் பெரியப்பா வயலோட அளவ வச்சுப் போட்டேன். மூணு தடவ போட்டேன். உங்க சிமெண்டு மேடே இல்லன்னாலும் பத்தாது சார். நாலடிதான் வருது. அந்த ஆடு படுத்திருந்த நாலடி.

ஆனா நீங்க தப்பிச்சிட்டதா நெனைக்காதீங்க. கிழக்குக் கேட்டது நீங்க. கடப்பாறையப் புடுங்குனது நீங்க. அது இன்னும் உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழதான் கெடக்கு, நான் பாத்தேன். தெக்குப் பாத்த மனையில இருந்தா குடும்பம் வெளங்காதுன்னீங்க. கிழக்குப் பாத்த மனைக்காக எங்கப்பா செத்தாரு.

ஆமா அண்ணே, தெரியுது. அஞ்சலாட்சி நகர்தான். சாருதான் எறங்கணும். ஒரு நிமிசம் விசில் அடிக்காதீங்க அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

சார், ஞாயித்துக்கெழம நான் வருவேன். மனை இல்லாதவங்களுக்குச் சங்கத்துல எடம் இல்லன்னு வாசல்ல நிறுத்துனீங்கன்னா, வாசல்லயே நின்னு கேப்பேன். தீர்மானத்தப் படிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர நீங்கதான் மைக்குல படிக்கணும். வேற யாரும் படிக்கக் கூடாது. எங்கப்பா அடிச்ச வரியையும் விடாம, சத்தமாப் படிக்கணும். படிச்சிட்டு, இந்தப் படம் போட்ட பொண்ணு வந்திருக்கான்னு எல்லார் முன்னாடியும் எம் பேரச் சொல்லிக் கேளுங்க. நான் எழுந்து நிக்கறேன். நான் நின்னதுக்கப்புறம், கிழக்குக் கேட்டது யாருன்னு நான் கேப்பேன். கடப்பாறை யார் வீட்டுல இருக்குன்னு கேப்பேன்.

நீங்க எழுந்து நிப்பீங்களா சார்? இப்பவே, இத்தன பேரு முன்னாடி சொல்லிட்டு எறங்குங்க. நிப்பீங்களா, மாட்டீங்களா?